ஓடுகிற எஞ்சின்தான் கவிழ்க்கும்

பிள்ளையை விமானிப் பயிற்சிக்கு அனுப்பிய பெற்றோருக்கு, அவன் ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாகப் பறக்கிற நாட்களில் தூக்கம் வராது. அடுத்ததாக இரட்டை எஞ்சின் விமானத்துக்கு மாறப் போகிறான் என்று தெரிந்ததும் மனசு லேசாகிவிடும். "ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கில்லையா சார்?" என்று போனில் கேட்பார்கள். அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தின் மெசா நகரில், ஃபால்கன் ஃபீல்டு விமான நிலையத்திலிருந்து இரட்டை எஞ்சின் பயிற்சி கொடுப்பவன் நான். இந்தியாவிலிருந்து வரும் மாணவர்கள் என்னிடம் நிறைய. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது.

இன்னொன்று இருப்பது உண்மை. ஆனால், அந்த இன்னொரு எஞ்சினைக் கையாளத் தெரியாதவனுக்கு அதுவே எமன். சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களில் எஞ்சின் நின்று நடக்கும் மோசமான விபத்துகளில், விமானத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நின்றுபோன எஞ்சின் இல்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல எஞ்சின்தான். இது எப்படி என்பதை எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாதி போனால் பாதி மிஞ்சாது

நான் பயிற்சி தருவது பைப்பர் செமினோல் விமானத்தில். நான்கு இருக்கைகள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 180 குதிரைத்திறன். ஆளும் எரிபொருளுமாக அதிகபட்சம் 3,800 பவுண்டு, அதாவது சுமார் 1,720 கிலோ எடையோடு புறப்படலாம். இரண்டு எஞ்சினும் ஓடினால், கடல் மட்டத்தில், நிமிடத்துக்கு 1,300 அடிக்கு மேல் ஏறும். ஒன்று நின்றால் எவ்வளவு ஏறும்? 650 அடி என்று மாணவர்கள் சட்டென்று சொல்வார்கள். சரியான விடை, சுமார் 200 அடி. அதுவும் எல்லாவற்றையும் கையேட்டில் உள்ளபடி செய்து முடித்தால்தான்.

இதற்குக் காரணம் எளிய கழித்தல் கணக்கு. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், ஒரே உயரத்தில் மிதந்தால் போதும் என்றாலே காற்றின் இழுவையை எதிர்த்துச் சக்தி செலவாகும். ஏறும் வேகத்தில் பறக்கிற செமினோலில், இரண்டு எஞ்சின்கள் தருவதில் ஏறக்குறைய பாதி இதற்கே போய்விடுகிறது. மிச்சப் பாதிதான் விமானத்தை மேலே தூக்குகிறது. ஒரு எஞ்சின் நின்றால் பறிபோவது அந்த மிச்சம்தான். சக்தி இழப்பு 50 சதவீதம். ஏறும் திறனில் இழப்பு 80 சதவீதத்துக்கும் மேல்.

நிமிடத்துக்கு 200 அடி என்றால் என்ன என்பதைத் தரையில் வைத்துப் பார்ப்போம். ஒற்றை எஞ்சினில் செமினோல் பறக்க வேண்டிய வேகம் 88 நாட், மணிக்குச் சுமார் 163 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 1,000 அடி ஏற 5 நிமிடம் பிடிக்கும். அதற்குள் 13 கிலோமீட்டருக்கு மேல் கடந்திருப்போம். வழியில் மின்கம்பி இருக்கலாம், குன்று இருக்கலாம், ஊர் இருக்கலாம்.

அந்த 200 அடியும் கடல் மட்டத்துக்கு, மிதமான வெப்பத்துக்கு எழுதப்பட்ட கணக்கு. ஃபால்கன் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து 1,400 அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும், தாண்டும். சூட்டில் காற்று விரிந்து அடர்த்தி குறையும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும். புரொப்பெல்லருக்கும் இறக்கைக்கும் பிடிமானம் குறையும். 40 டிகிரி வெயிலில் எங்கள் ஓடுபாதையில் நிற்கும் விமானம், தான் 4,500 அடிக்கு மேலே இருப்பதாகவே உணரும். முழு எடையோடு இருக்கும் செமினோல், ஒற்றை எஞ்சினில் நிமிடத்துக்கு வெறும் 50 அடியாவது ஏறக்கூடிய உச்ச உயரமே சுமார் 4,000 அடிதான். ஆக, அரிஸோனா மதிய வெயிலில் முழுப் பாரத்தோடு கிளம்பி ஒரு எஞ்சின் நின்றால் விமானம் ஏறாது. எவ்வளவு கைதேர்ந்த விமானியாலும் ஏற்ற முடியாது.

சட்டமும் இதை மறைக்கவில்லை. இந்த வகைச் சிறு விமானங்கள் வடிவமைக்கப்பட்ட காலத்து அமெரிக்க விதிகளின்படி, 6,000 பவுண்டுக்கு மேற்படாத, குறைந்த வேகத்தில் இறங்கக்கூடிய இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எவ்வளவு ஏறும், அல்லது எவ்வளவு இறங்கும் என்று அளந்து சொன்னால் போதும். நாம் டிக்கெட் வாங்கிப் பயணம் செய்யும் ஜெட் விமானங்களின் கதை வேறு. ஓடுபாதையில் குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தபின் ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்றால் ஏறியே தீர வேண்டும் என்பது அவற்றுக்கு விதி. பெரிய விமானத்தின் தைரியத்தைச் சின்ன விமானத்துக்குக் கடன் வாங்கக் கூடாது.

சிவப்புக் கோடும் நீலக் கோடும்

ஏற முடியாமல் போவது ஒரு சங்கடம். அதைவிடப் பெரிய ஆபத்து, விமானம் திரும்பிக் கவிழ்வது.

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டு இன்னொன்று முழு பலத்தோடு இழுத்தால், வண்டி படுத்த மாட்டின் பக்கம் வளையும். ஆகாயத்திலும் அதுதான். இடது எஞ்சின் நின்றால் வலது எஞ்சின் விமானத்தின் மூக்கை இடப்பக்கம் தள்ளும். வளைவதோடு முடிந்தால் பரவாயில்லை. புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று வலது இறக்கையின் மேல் வேகமாக ஓடி அதைத் தூக்கும்; இடது இறக்கைக்கு அந்தக் காற்று கிடைக்காது. அதனால் விமானம் இடப்பக்கம் சாயவும் தொடங்கும்.

இதைத் தடுக்க விமானியிடம் இருப்பது, வாலில் செங்குத்தாக நிற்கும் ரட்டர் என்கிற சுக்கான். கால் மிதியால் இயக்குவது. வலது மிதியை அழுத்தினால் மூக்கு வலப்பக்கம் வரும். ஆனால், சுக்கானுக்கு பலம் கொடுப்பது அதன்மேல் ஓடும் காற்று. வேகம் குறையக் குறைய சுக்கான் வலுவிழக்கும். நல்ல எஞ்சினின் இழுப்போ அப்படியே இருக்கும். ஒரு கட்டத்தில் மிதியைக் கடைசிவரை அழுத்தினாலும் மூக்கு நிற்காது. அந்த எல்லை வேகத்தை, வேகமானியில் ஒரு சிவப்புக் கோடாக வரைந்திருப்பார்கள். செமினோலில் அது 56 நாட். அதே வேகமானியில் 88 நாட்டில் ஒரு நீலக் கோடு இருக்கும். ஒற்றை எஞ்சினில் இருப்பதற்குள் நன்றாக ஏறக்கூடிய வேகம் அது. நீலக் கோட்டில் பறந்தால் பிழைக்க வழி உண்டு. சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் விமானம் நம் பேச்சைக் கேட்காது.

அந்த 56 என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஓடும் எஞ்சினின் பக்கம் 5 டிகிரி வரை சாய்த்துப் பறந்து எடுத்த அளவு அது. சாய்க்காமல் இறக்கையைச் சமமாக வைத்தால், குறையும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 நாட் வீதம் அந்த எல்லை மேலே ஏறும். வெப்பமான, உயரமான இடங்களில் இன்னொரு சிக்கல். மெல்லிய காற்றில் எஞ்சினின் பலம் குறைவதால் சிவப்பு எல்லை கீழே இறங்கும். கேட்க நல்ல சேதி போலத் தோன்றும். ஆனால், இறக்கை தன் தூக்கும் சக்தியை இழக்கும் வேகம் இறங்காது. சுக்கான் தோற்கும் முன்பே இறக்கை தோற்றுவிடும். ஒரு பக்கம் முழு இழுப்பு இருக்கும்போது அப்படி நடந்தால், விமானம் சுழன்று விழும். அந்தச் சுழலிலிருந்து மீட்க முடியும் என்று இந்த வகை விமானங்களைச் சோதித்து நிரூபிக்க வேண்டியதே இல்லை. அதனால்தான் அரிஸோனாவில் நாங்கள் வேகத்தின் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறோம்.

அப்படியானால், சிவப்புக் கோட்டை நெருங்கி மூக்கு நழுவத் தொடங்கிவிட்டது என்றால் என்ன செய்வது? மனித மனசு சொல்வது, 'இருக்கிற ஒரு எஞ்சினுக்கு இன்னும் பலம் கொடு, மூக்கைத் தூக்கு' என்பது. செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். நல்ல எஞ்சினின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான த்ராட்டிலைப் பின்னால் இழுக்க வேண்டும், மூக்கைத் தாழ்த்த வேண்டும். இழுப்பு அடங்கியதும் விமானம் உடனே வசத்துக்கு வரும். இரட்டை எஞ்சின் பயிற்சியின் சாரமே இந்த ஒரு காரியம்தான்: உயிர் காக்கும் என்று நம்பியிருந்த எஞ்சினை, வேண்டிய கணத்தில் நம் கையாலேயே அடக்கும் துணிவு.

காலைக் கேள், கண்ணைக் கேட்காதே

எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியதை விமானி மனப்பாடமாக வைத்திருப்பான். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வான். முதலில் மூக்கைத் தாழ்த்தி நீலக் கோட்டைப் பிடிப்பது, சுக்கானால் நேராக்குவது. பிறகு, எரிபொருள் கலவையின் சிவப்புக் கைப்பிடிகள், புரொப்பெல்லரின் நீலக் கைப்பிடிகள், த்ராட்டிலின் கறுப்புக் கைப்பிடிகள் எல்லாவற்றையும் முழுக்க முன்னால் தள்ளுவது. இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃப்ளாப்பை மடக்குவது. சக்கரத்தை மடக்குவது. அதற்கப்புறம்தான் எந்த எஞ்சின் நின்றது என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்குக் கருவிகளைப் பார்த்து விடை தேடினால் ஏமாந்துபோவோம். எஞ்சின் நின்றாலும் எதிர்க்காற்றில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டேயிருக்கும். சுழற்சியைச் சீராக வைக்கும் கவர்னர் அப்போதும் தன் வேலையைச் செய்வதால், சுழற்சிமானி பழைய எண்ணையே காட்டலாம். த்ராட்டில் முழுக்கத் திறந்திருந்தால், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மானியும் வழக்கமான அளவையே காட்டும். பொய் சொல்லாதது கால்தான். விமானத்தை நேராக வைக்க எந்தக் கால் மிதியை அழுத்திக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்க எஞ்சின் ஓடுகிறது. எந்தக் கால் சும்மா கிடக்கிறதோ, அந்தப் பக்க எஞ்சின் நின்றுவிட்டது. 'டெட் ஃபுட், டெட் எஞ்சின்' என்று உலகம் முழுக்க விமானிகள் உருப்போடுவது இதைத்தான்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவன் நல்ல கெட்டிக்காரன். கை மட்டும் வாயை முந்தும். சூப்பர்ஸ்டிஷன் மலையைத் தாண்டி, பாலைவனத்துக்கு மேலே நல்ல உயரத்தில் பறந்துகொண்டிருந்தோம். செக்லிஸ்ட் அட்டையை எடுத்துக் கைப்பிடிகளை அவன் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டு, இடது எஞ்சினை அணைத்தேன். மூக்கு இடப்பக்கம் ஓடியது. அவன் வலது மிதியைச் சரியாகவே அழுத்தினான். ஆனால், அடுத்த நொடியே கை புரொப்பெல்லர் கைப்பிடிக்குப் பாய்ந்தது. பாய்ந்தது வலது கைப்பிடிக்கு, ஓடுகிற எஞ்சினின் புரொப்பெல்லரை நிறுத்திவிடும் கைப்பிடிக்கு. நான் அவன் கைமேல் என் கையை வைத்தேன். விமானத்துக்குள் ஆங்கிலம்தான் பேசுவது வழக்கம். அந்த நேரத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

"பொறு தம்பி. எந்தக் கால் அமுக்குது?"

"வலது கால் சார்."

"சும்மா கெடக்கது எது?"

கொஞ்சம் யோசித்தான். "இடது... இடது எஞ்சின் சார்."

"இப்ப இடது த்ராட்டிலை மெதுவா இழுத்துப் பாரு."

இழுத்தான். சத்தத்தில் மாற்றமில்லை, மூக்கு அசையவில்லை. அவன் தோள் தளர்ந்தது. அதன் பிறகுதான் அவன் கை சரியான கைப்பிடிக்குப் போனது.

நான் இழுக்கச் சொன்னது சடங்குக்காக இல்லை. அடையாளம் கண்டபின் சரிபார்ப்பது என்பது தனிப் படி. நின்றுவிட்டதாக நினைக்கும் எஞ்சினின் த்ராட்டிலை இழுத்தால் எதுவும் மாறக் கூடாது. மூக்கு திடீரென்று துள்ளினால், தொட்டது உயிருள்ள எஞ்சின். தள்ளிவிட்டுத் திரும்ப யோசிக்கலாம். சரிபார்க்கச் சில விநாடிகள் போதும். அந்தச் சில விநாடிகளை மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்டவர்கள் பலர்.

கத்தியாகத் திரும்பும் புரொப்பெல்லர்

சரிபார்த்த பிறகு செய்வதை ஃபெதர் செய்தல் என்போம். நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் காற்றில் வெறுமனே சுற்றும்போது பெரிய இழுவையை உண்டாக்கும். கிடைக்கக்கூடிய அந்த 200 அடியை விழுங்க அது ஒன்றே போதும். நீலக் கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்தால், புரொப்பெல்லரின் தகடுகள் தம் அச்சில் திரும்பி, கத்தியின் விளிம்பைப் போலக் காற்றுக்கு நேராக நிற்கும். சுழற்சி நின்றுவிடும், இழுவை சட்டென்று குறையும்.

இதில் விமானி அறிய வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. செமினோலின் புரொப்பெல்லர் தகடுகளைச் சாதாரண நிலையில் பிடித்து வைத்திருப்பது எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தம் போனால், ஸ்பிரிங்கும் அடைத்து வைத்த வாயுவும் தகடுகளை ஃபெதர் நிலைக்குத் தள்ளும். அப்படியானால் தரையில் எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் அது ஃபெதர் ஆகிவிட வேண்டுமே? ஆகாமல் தடுக்க உள்ளே சிறு பூட்டு ஊசிகள் இருக்கின்றன. நிமிடத்துக்குச் சுமார் 950 சுற்றுக்குக் கீழே வேகம் போனால் அவை விழுந்து பூட்டிக்கொள்ளும். தரையில் அது வசதி. ஆகாயத்தில், எஞ்சின் இறுகி சுற்று குறைந்துகொண்டே வந்தால், ஃபெதர் செய்யும் வாய்ப்பு நமக்கு முன்னாலேயே கதவடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது.

ஃபெதர் செய்தபின் ஓடும் எஞ்சினின் பக்கம் இரண்டு, மூன்று டிகிரி சாய்த்துப் பறக்க வேண்டும். கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். காற்றைப் பொறுத்தவரை விமானம் நேராகப் போவது அப்போதுதான்.

பெரிய விமானம் கற்பித்ததும் சிறியது கற்பித்ததும்

2015 பிப்ரவரி 4 அன்று, தைவானின் தைபே நகரில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 விமானம் ஒன்று புறப்பட்ட சிறிது நேரத்தில் மேம்பாலத்தில் இடித்து கீலுங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். வலது புரொப்பெல்லர் ஒரு கோளாறால் தானாக ஃபெதர் ஆகியிருந்தது. விமானி இழுத்ததும் அணைத்ததும் இடது எஞ்சினை. சிறு விமானமில்லை அது, புதியவர்களும் இல்லை அவர்கள். என் மாணவனின் கை பாய்ந்த அதே பாய்ச்சல்.

2019 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் அடிசன் விமான நிலையத்திலிருந்து கிங் ஏர் 350 விமானம் கிளம்பியது. தரையை விட்டதும் இடது எஞ்சின் வலுவிழந்தது. அழுத்த வேண்டியது வலது மிதி. விமானி முதலில் இடது மிதியை அழுத்தினார் என்றும், பிறகுதான் வலதுக்கு மாறினார் என்றும் விசாரணையில் தெரியவந்தது. விமானம் இடப்பக்கம் புரண்டு, விமானக் கொட்டகை ஒன்றில் மோதியது. அதிலிருந்த 10 பேரும் இறந்தார்கள்.

இந்தத் திரும்பிக் கவிழும் ஆபத்தே வேண்டாம் என்று செஸ்னா நிறுவனம் 1961இல் ஒரு வித்தியாசமான விமானத்தைப் பறக்கவிட்டது. பிற்பாடு ஸ்கைமாஸ்டர் என்று பெயர் பெற்ற வரிசை அது. எஞ்சின்கள் இறக்கைகளில் இல்லை. ஒன்று மூக்கில், ஒன்று முதுகுக்குப் பின்னால். ஒன்று நின்றாலும் விமானம் நேராகவே போகும். நல்ல யோசனைதான். ஆனால் வேறு ஒரு பிரச்சினை முளைத்தது. மூக்கு திரும்பாததால், கண்ணுக்குத் தெரியாத பின் எஞ்சின் நின்றுபோனதையே அறியாமல் புறப்பட முயன்று விபத்துக்குள்ளானவர்கள் உண்டு. புறப்படும்போது பின் எஞ்சினின் த்ராட்டிலை முதலில் தள்ளிச் சோதிக்கும் பழக்கம் அதனால்தான் வந்தது. எந்திரத்தை எப்படி மாற்றினாலும், என்ன நடக்கிறது என்று நிதானமாகக் கண்டறியும் வேலை மனிதனுக்கு மிச்சமிருக்கும்.

முடிவு தரையிலேயே

எஞ்சின் நிற்க மிக மோசமான இடம், விமானம் தரையை விட்ட அடுத்த அரை நிமிடம். வேகம் குறைவு, உயரம் இல்லை, சக்கரம் கீழே தொங்குகிறது, இரண்டு எஞ்சினும் முழு பலத்தில் இருக்கின்றன. யோசிக்க அவகாசமே இல்லாத இடம். ஆகவே யோசனையைத் தரையிலேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ஓடுபாதையின் முனையில் நின்று என் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் இப்படிச் சொல்ல வேண்டும்:

"சக்கரம் தரையில் இருக்கும்போது எது கெட்டாலும் இரண்டு த்ராட்டிலையும் இழுத்து, பிரேக் பிடித்து, நேராக நிறுத்துவேன். 75 நாட்டில் மூக்கைத் தூக்கியபின், முன்னால் ஓடுபாதை மிச்சமிருந்தால், இரண்டையும் இழுத்து அதிலேயே இறக்குவேன். ஓடுபாதை தீர்ந்து, சக்கரம் மடங்கியபின் நின்றால், மூக்கைத் தாழ்த்தி நீலக் கோட்டைப் பிடித்து, பயின்றதைச் செய்வேன். அப்போதும் ஏறவில்லை என்றால், இறக்கையைச் சமமாக வைத்து, முன்னால் தெரியும் வெட்டவெளியில் இறக்குவேன்."

கடைசி வாக்கியம் பலருக்கு நாக்கில் ஒட்டாது. ஒரு எஞ்சின் கணகணவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது வயல்வெளியில் இறக்குவதா என்று மனசு முரண்டுபிடிக்கும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் இந்தச் சஞ்சலமே வராது. எஞ்சின் நின்றால் இறங்கியே ஆக வேண்டும். விமானி முன்னால் பார்த்து இடம் தேடுவான். இரட்டை எஞ்சின்தான் ஆசை காட்டி அலைக்கழிக்கும். ஏறாத விமானத்தை ஏற்றிப் பார்க்க மூக்கைத் தூக்குவார்கள். வேகம் சிவப்புக் கோட்டுக்கு இறங்கும். நல்ல எஞ்சின் விமானத்தைப் புரட்டிப் போடும். தலைகீழாக விழுந்தவர்கள் பிழைப்பது அபூர்வம். கட்டுப்பாட்டோடு, நிமிர்ந்த நிலையில், குறைந்த வேகத்தில் தரையைத் தொட்டவர்கள் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. விமானம் போனால் போகட்டும். காப்பீடு இருக்கிறது.

உயரத்தில் பறக்கும்போது எஞ்சின் நின்றால் இவ்வளவு நெருக்கடி இல்லை. நேரம் இருக்கிறது. ஃபெதர் செய்வதற்கு முன் காரணத்தைத் தேடலாம்: எரிபொருள் எந்த டேங்கிலிருந்து வருகிறது, பம்ப் போட்டாயிற்றா, கார்புரேட்டரில் பனி உறைந்திருக்கிறதா, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவின் சுவிட்ச் சரியாக இருக்கிறதா. எரிபொருள் குழாயைத் திருப்பியதும் உயிர்பெறும் எஞ்சின்கள் உண்டு. உயிர்பெறாவிட்டால், விமானம் தன்னால் தாங்க முடிந்த உயரம்வரை மெல்ல இறங்கும். பக்கத்து விமான நிலையத்துக்குப் போய்ச் சேர நல்ல எஞ்சின் உண்மையாகவே கைகொடுப்பது இங்கேதான். ஆனால் இறங்கும் முயற்சி ஒரே ஒரு முறைதான். சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் இறக்கிய பிறகு, 'சரியாக வரவில்லை, சுற்றிவந்து மறுபடி பார்க்கலாம்' என்று ஒற்றை எஞ்சினில் மேலே எழும்ப முயல்வது, புறப்படும்போது உள்ள ஆபத்தைத் தேடிப்போய் வாங்குவது. ஓடுபாதை கைக்கு எட்டிவிட்டது என்று உறுதியான பிறகே சக்கரத்தை இறக்க வேண்டும்.

இவற்றைப் பழக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. தாழ்வான உயரத்தில் நிஜமாகவே எஞ்சினை அணைத்துப் பழகி, பயிற்சியிலேயே மாண்டவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். அதனால் இன்று, எஞ்சினை நிஜமாக அணைத்து ஃபெதர் செய்வதைத் தரைக்கு மேல் 3,000 அடிக்குக் குறையாத உயரத்தில் மட்டுமே செய்கிறோம். அதற்குக் கீழே, த்ராட்டிலைக் குறைத்து, ஃபெதர் ஆனது போன்ற நிலையை உண்டாக்கிப் பழகுகிறோம். ஓடுபாதையில் எஞ்சின் நிற்பதுபோல் பாவனை செய்வது, சிவப்புக் கோட்டின் பாதி வேகத்துக்குள். மற்றவற்றுக்கு சிமுலேட்டர் இருக்கிறது. அங்கே எத்தனை முறை கவிழ்ந்தாலும் காயமில்லை. உரிமம் வாங்கிய பிறகு இந்தப் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள். கால் கற்றது கணக்குப் பாடம்போல நிற்காது. பழகாவிட்டால் மறந்துபோகும்.

சிறு விமானத்தில் வாடகைக்கோ நண்பர்களோடோ பயணம் செய்ய நேரும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மேலே நான் சொன்ன கணக்கில் விமானி மாற்றக்கூடியவை எடையும் நேரமும் மட்டும்தான். இரண்டையும் தரையில் இருக்கும்போதுதான் மாற்ற முடியும். "ஒரு பெட்டியை விட்டுட்டு வாங்க" என்று அவர் சொன்னால் தர்க்கம் செய்யாதீர்கள். "இந்த வெயிலில் வேண்டாம், காலையில் கிளம்பலாம்" என்றால், கல்யாணமே ஆனாலும் காத்திருங்கள். புறப்படும் முன் அவர் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தால் குறுக்கே பேசாதீர்கள். அப்படிச் சொல்லும் விமானியோடு தைரியமாகப் போகலாம். சொல்லாதவரோடு, இரண்டு எஞ்சின் இருந்தாலும், போக வேண்டாம்.